வெயில்தான் என்று விட்டுவிடாதீர்கள்: கத்திரியில் கோழியைப் பார்க்கும்போது நேரும் தவறுகள்

சித்திரை 21ஆம் தேதி கத்திரி பிறந்துவிட்டால், காரைக்குடியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கொல்லையில் வேப்ப மரத்தடியில் கோழிகள் மட்டும் அலகைப் பிளந்துகொண்டு, சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி நிற்கும். பின்கட்டுக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வெயில்தான், பொழுது சாய்ந்தால் தெளிந்துவிடும்” என்று கதவைச் சாத்திவிடுகிறோம். பத்தில் ஒன்பது நாள் அது சரியாகவே இருக்கும். பத்தாவது நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் வீட்டில் அந்தப் பத்தாவது நாள் ஒரு வைகாசியில் வந்தது. சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. வெயில் என்றே நினைத்தேன். தண்ணீர் வைத்தேன், நிழலுக்கு மாற்றினேன், இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அது வெள்ளைக்கழிச்சல் என்று எனக்குப் புரிவதற்குள் அதே கூட்டில் அடைந்த மற்றக் கோழிகளுக்கும் பரவிவிட்டது. பதினொன்றில் மூன்றுதான் தங்கின. முதல் நாளே அதைப் பிரித்து வைத்திருந்தால் எத்தனை பிழைத்திருக்கும் என்ற கணக்கு இன்றும் மனத்தை அறுக்கிறது.

அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதில் பாதி கால்நடை மருத்துவர் சொன்னது. மீதி அடுத்த வளவு ஆச்சி சொன்னது. ஆச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “மத்தியானம் வாயைத் திறந்திருந்ததைப் பார்த்தாய், சரி. விடியும்போது மூடியிருந்ததா என்று பார்த்தாயா தம்பி?” நான் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியின் அருமை, கோழியின் உடம்பைப் புரிந்துகொண்டால் விளங்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காற்று 30 டிகிரியைத் தாண்டும்போது அது வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்குகிறது. தொண்டையின் ஈரம் ஆவியாகி வெளியேறும்போது உடம்பு குளிர்கிறது. கொண்டை, தாடி, கால் வழியாகவும் சூடு இறங்கும். செட்டிநாட்டுச் செம்மண் பூமியில் வெயில் 38, 40 என்று ஏறும்போது காற்றின் சூட்டுக்கும் கோழியின் உடம்புச் சூட்டுக்கும் இடையே இடைவெளியே இல்லாமல் போகிறது. அப்போது மூச்சு வாங்குவது ஒன்றுதான் அதற்கு மிஞ்சும் வழி. ஆகவே நண்பகலில் எந்தக் கோழியைப் பார்த்தாலும் நோய்க்கோழி போலத்தான் தெரியும். உண்மையான நோய்க்கோழி அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கத்திரியிலும் வெப்பம் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் நலமான கோழி அலகை மூடியிருக்கும். அப்போதும் மூச்சு வாங்குகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டுகிறதா? தொண்டையில் கொறகொறவென்று சத்தம் வருகிறதா? இருந்தால் அதற்கு வெயில் காரணம் இல்லை. அன்றைக்கே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

எனவே பெரிய தவறு நேரத்தில்தான் இருக்கிறது. கோழியைச் சோதிக்கிறேன் என்று நண்பகலில் துரத்திப் பிடிக்கிறார்கள். ஏற்கெனவே சூட்டோடு போராடும் கோழி நான்கு சுற்று ஓடினால், உடம்புச் சூடு இன்னும் ஏறிக் கையிலேயே துவண்டுவிடும். அது 45 டிகிரியை நெருங்கினால் பிழைப்பது அரிது. கையில் எடுத்துப் பார்ப்பதெல்லாம் விடியலில் கூட்டைத் திறக்கும் முன்பு, அல்லது இரவு அடைந்த பிறகு. இருட்டில் கோழி முரண்டு பிடிக்காது. பகலில் தள்ளி நின்று கண்ணால் மட்டும் பாருங்கள்.

கண்ணால் பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. சூடு தாங்காத கோழி இறகை உடம்போடு ஒட்டப் படியவைத்துக்கொண்டு சிறகை மட்டும் விரிக்கும். காய்ச்சல் கண்ட கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல உருண்டு உட்காரும். இரண்டையும் நாம் ‘வாடிப்போய் இருக்கிறது’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கொளுத்தும் வெயிலில் ஒரு கோழி குளிர்கிறதுபோல உட்கார்ந்திருந்தால் அதைவிடத் தெளிவான அறிகுறி வேறு வேண்டியதில்லை. என் சிறுவிடைப் பெட்டை அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று, வெயில் எல்லாக் கோழியையும் ஏறத்தாழ ஒன்றுபோல வாட்டும். ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றால், அதைத் தனியாகக் கவனியுங்கள். உடம்பு கனத்த பெருவிடையும் சதைப்பிடிப்பான கலப்பினக் கோழியும் கொஞ்சம் முந்தியே மூச்சு வாங்கும், மொட்டைக் கழுத்துக் கோழி கொஞ்சம் தாங்கும். அந்த வேறுபாட்டை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

எச்சத்தைப் படிப்பதில் தடுமாறாதவர்கள் குறைவு. கோடையில் கோழி வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது. அதனால் பகல் எச்சம் நீர்த்துத்தான் இருக்கும். இதைக் கழிச்சல் என்று நினைத்துத் தண்ணீரைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடையில் இதைவிடப் பெரிய கேடு கிடையாது. பார்க்க வேண்டியது இரவு அடைந்த இடத்துக்குக் கீழே விடியலில் கிடக்கும் எச்சத்தை. கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல இருந்தால் நலம். இடையிடையே பழுப்பு நிறத்தில் களிபோல, கடும் நாற்றத்துடன் ஒன்று கிடக்கும். அதுவும் இயல்பானதே. பச்சையாகக் கழிவது, வெள்ளையாகச் சுண்ணாம்புபோலக் கழிந்து பின்புற இறகில் ஒட்டிக் காய்வது, ரத்தம் கலந்திருப்பது ஆகிய மூன்றும்தான் நோயின் அடையாளம்.

கழுத்தின் அடியில் தின்ற தீனி தங்கும் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பதிலும் நேரம் தவறுகிறது. நண்பகலில் தொட்டால் அது காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் சூட்டில் கோழி இரை எடுக்காது. தின்ற தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகிறது. அதைத் தவிர்க்கத்தான் கோழி தானாகவே ஒதுங்கி இருக்கிறது. அப்போது சோற்றை உருட்டி ஊட்டிவிடுவது பாசமாகத் தோன்றினாலும் தீங்குதான். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். மாலையில் அடையும்போது இரைப்பை நிறைந்தும், விடியலில் காலியாகவும் இருக்க வேண்டும். மாலையில் காலியாக இருந்தால் அன்று அது தின்னவில்லை. விடியலிலும் கல்லுப்போல இருந்தாலோ, கொழகொழவென்று புளித்த வாடை வந்தாலோ செரிமானம் நின்றுவிட்டது என்று பொருள். அதே கையோடு நெஞ்செலும்பையும் தடவிப் பாருங்கள். இறகு மெலிவை மறைத்துவிடும், எலும்பு மறைக்காது. இரண்டு பக்கமும் சதை வற்றி நடு எலும்பு கத்திபோலத் தட்டுப்பட்டால், அந்த மெலிவு இந்த வாரத்து வெயிலால் வந்தது அல்ல.

கொண்டையின் நிறத்தைப் பொறுத்தவரை, வெயிலில் நன்றாகச் சிவந்திருப்பது நல்லதே. சூட்டை வெளியேற்ற ரத்தம் அங்கே பாய்கிறது. கருநீலமாக மாறினால் ஆபத்து. வெளுத்துப்போனால் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருமருவாகக் கொப்புளம் இருந்தால் அது அம்மை. கொசு வழியாகவும் பரவும்.

வெளுத்த கொண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊருக்கே உரிய தொல்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டில், காவலுக்கு இருக்கிற குடும்பங்கள் கோழி வளர்ப்பதை எல்லா ஊரிலும் காணலாம். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசிய முகப்புச் சுவர்கள் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். பின்கட்டுச் சுவர்களுக்கு அந்தப் பூச்சு இல்லை. காரை உதிர்ந்த வெடிப்பும் அடுக்கி வைத்த பழைய மரமும்தான் அங்கே. அந்த வெடிப்புகளில் கோழி உண்ணி பகலெல்லாம் பதுங்கியிருக்கும். இரவில் வெளியே வந்து கோழியின் ரத்தத்தை உறிஞ்சிவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். செள்ளும் அப்படியே இடுக்கில் ஒளியும். வறண்ட வெக்கையில் இவை பெருகும். பகலில் இறகை விலக்கிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வது அதனால்தான் தவறாகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய்ச் சிறகுக்கு அடியிலும், அடையும் கட்டையின் அடிப்பக்கத்திலும், சுவர் இடுக்கிலும் பாருங்கள். இருந்தால் கோழிக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோழி புரண்டு மண் குளிக்க நிழலில் உலர்ந்த செம்மண்ணும் சாம்பலும் கலந்து ஒரு குழி இருக்கட்டும்.

தண்ணீர் வைத்தாயிற்று, குடித்துக்கொள்ளும் என்று நினைப்பது அடுத்த தவறு. மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற நண்பகல் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அலுமினியச் சட்டியில் ஊற்றி வெயிலில் வைத்தால் அதுவும் அப்படித்தான். சுடுகிற தண்ணீரைக் கோழி குடிப்பதில்லை. மண் சட்டியில் கிணற்றுத் தண்ணீரை, நிழலில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். ஒரே சட்டி என்றால் வலுத்த கோழி மற்றவற்றைக் கொத்தி விரட்டும். கத்திரியில் ஒரு பெட்டைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் வரை தேவைப்படும். எல்லாம் வந்து குடிக்கின்றனவா என்று பத்து நிமிடம் நின்று பார்ப்பதும் சோதனையில் சேர்ந்ததுதான்.

உப்புப் போட்ட நீராகாரத்தையும், ஊறுகாய், கருவாடு கழுவிய தண்ணீரையும் கோழிக்கு ஊற்றாதீர்கள். உப்பு மிகுந்தால் கோழி செத்தே போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து ஒருநாள் வைக்கலாம். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

சுருண்டு விழுந்த கோழியைக் கண்டால் பதற்றத்தில் இரண்டு காரியம் செய்துவிடுகிறோம். ஒன்று, அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றுவது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். மற்றொன்று, குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரில் முக்குவது. அந்த அதிர்ச்சியை அது தாங்காது. நிழலில் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், கிணற்றுத் தண்ணீரில் காலை நனையவிட்டு, சிறகின் உட்புறத்தையும் கொண்டையையும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அலகின் நுனியில் சொட்டு வைத்தால் அதுவே நக்கிக் குடிக்கும். அரை மணி நேரத்தில் தலை தூக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும்.

பஞ்சாரத்தைச் சிமென்டுத் தரையில் கவிழ்த்துக் கோழியை அடைத்துவிட்டு மறந்துபோவதும், தகரக் கூரைக்கு அடியில் மூடி வைப்பதும் விளக்கமே தேவைப்படாத தவறுகள். காலையில் நிழலாக இருந்த இடம் பிற்பகலில் வெயிலாகிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அடைக்கோழியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அது முட்டையை விட்டு நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம்தான் இறங்கும். இருட்டு அறையில் கூடையில் உட்கார்ந்தபடியே 21 நாளும் மெலிந்துகொண்டிருக்கும். அதன் கொண்டை சுருங்கி வெளுத்திருப்பது இயல்பு என்பதால் நோய் வந்தாலும் தெரியாது. தினமும் காலையில் நீங்களே தூக்கி இறக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கிறதா, எச்சமிடுகிறதா என்று பார்த்த பிறகே திரும்ப உட்காரவிடுங்கள். கத்திரியில் அடை வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. ஆச்சி ஒருநாளும் வைத்ததில்லை.

முட்டை ஓடு மெலிந்துபோனால் கோழிக்கு ஏதோ நோய் என்று பயப்பட வேண்டாம். ஓயாமல் மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு உருவாவது தடைப்படுகிறது. மாலைத் தீனியோடு பொடித்த கிளிஞ்சல் வையுங்கள். வெயில் தணிந்தால் ஓடு தடிக்கும்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் காப்ஸ்யூலைப் பிரித்துக் கோழிக்குப் போடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலைக் கொண்டுவருவது வைரஸ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. வந்த பிறகு குணப்படுத்த மருந்தே கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி மட்டுமே காக்கும். எட்டு வாரத்தைத் தாண்டிய கோழிகளுக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன்பே போடுவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அதைத் தவறவிட்டு வைகாசியில் மூச்சு வாங்கும் கோழிக்கு ஊசி போடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவது வீண். நோய் கண்டதற்கு அது மருந்தாகாது.

கடைசியாக ஒன்று. கழிகிற கோழியை, எப்படியும் சாகத்தானே போகிறது என்று அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு, இறகையும் குடலையும் கொல்லையிலேயே எறிகிறார்கள். தெருவெல்லாம் நோயைத் தூவுகிற வேலை அது. செத்த கோழியை ஊருணிக் கரையில் வீசுவதும் அப்படியே. கூட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கையையும் மண்வெட்டியையும் கழுவாமல் மற்றக் கோழிகளின் பக்கம் போகாதீர்கள். குழியின் மேல் ஒரு கனமான கல்லையும் வைத்துவிடுங்கள், இரவில் நாய் வந்து தோண்டும்.