முதல் இரண்டு பக்கங்களை என்ன செய்வது: சிறுகதை எழுதத் தொடங்குபவர்களுக்கு

சிறுகதை எழுதத் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்திருந்த வேளையில், ஒரு சிற்றிதழின் ஆசிரியர் என் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பினார். முதல் இரண்டு பக்கங்களின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். காரணம் எதுவும் எழுதவில்லை. கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று. பிறகு மூன்றாம் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். ஊர் வருணனை, கதாநாயகனின் குடும்ப வரலாறு, அன்றைய மழை எல்லாம் போய், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நிறுத்தத்தில் நிற்கும் ஒருவன் மட்டும் மிஞ்சியிருந்தான். கதைக்கு ஒரு குறையும் நேரவில்லை.

அந்தப் பக்கங்களை நான் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தன் கதை எது என்று எழுத்தாளர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பக்கங்கள் அவை. எழுதுவதற்கு அவை வேண்டும், படிப்பதற்கு வேண்டாம். ஆகவே எழுதும்போது தயங்காமல் எழுதுங்கள், முடிவு வரை சென்றுவிடுங்கள். முடித்த பின், யாரேனும் எதையேனும் விரும்புகிற அல்லது ஏதேனும் ஒன்று பிசகுகிற முதல் வரியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள். வெட்டியவற்றுள் உண்மையிலேயே இன்றியமையாத செய்தி இருந்தால், பின்னால் ஒரு வாக்கியத்தில் அது அடங்கிவிடும்.

அடுத்து வெட்ட வேண்டியவை உணர்ச்சிகளின் பெயர்கள். ஒரு பெண் தன் தாயின் வளையலை அடகு வைக்கச் செல்கிறாள் என்று கொள்வோம். தொடக்க எழுத்தாளர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: "கமலாவின் நெஞ்சம் வேதனையால் துடித்தது. அம்மாவின் நினைவாக இருந்த ஒரே பொருளைப் பிரிவது அவளுக்குத் தாங்க முடியாத துயரத்தை அளித்தது." இதில் வேதனை, துயரம் என்னும் சொற்கள்தாம் இருக்கின்றன. இதையே வேறு விதமாக எழுதிப் பார்க்கலாம்: "கடைக்காரர் வளையலை உரைகல்லில் தேய்த்தார். சோப்பு போட்டுக் கழற்றிய மணிக்கட்டில் இன்னும் எரிச்சல் இருந்தது. வட்டி எவ்வளவு என்று கேட்க வந்தவள், 'நசுங்காம வைப்பீங்களா?' என்று கேட்டாள்." துயரம் என்ற சொல் இங்கு இல்லை, அந்தக் கேள்வி அதன் வேலையைச் செய்துவிடுகிறது. வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் நாம் விளக்குகிறோம். அவருக்குப் புரியும்.

உரையாடலில் தமிழ் நமக்குத் தரும் வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. வா, வாங்க, வாரும், வாடா என்னும் சொற்களே பேசுபவர்களின் உறவையும் வயதையும் சொல்லிவிடும்போது, "தன்னைவிட மூத்தவரான சித்தப்பாவிடம் மரியாதையுடன் சொன்னான்" என்ற விளக்கம் மிகை. முப்பது ஆண்டுகள் கணவனை "வாங்க" என்று அழைத்த ஒருத்தி ஒரு நாள் "வா" என்று சொன்னால், அந்த ஓர் எழுத்தில் ஒரு கதையே இருக்கிறது. "என்றான்", "என்றாள்" என்பவை கண்ணுக்குத் தெரியாத சொற்கள். அவற்றை "கர்ஜித்தான்", "விம்மினாள்" என்று மாற்றாதீர்கள். தமிழ் வினைமுற்றே ஆள் யார் என்று காட்டிவிடுவதால், வரிக்கு வரி "அவன்", "அவள்" என்று எழுத வேண்டியதும் இல்லை. மொழிபெயர்ப்புகளை மிகுதியாகப் படித்தவர்களிடம் இந்தப் பழக்கத்தைக் காண்கிறேன், என்னிடமும் இருந்தது. வட்டார வழக்கைப் பொறுத்தவரை, காதால் கேட்டு வளர்ந்த வழக்கை மட்டும் எழுதுங்கள். கரிசல் மக்களின் பேச்சை எழுத்தில் கொண்டுவந்த கி. ராஜநாராயணன் இடைசெவலில் பிறந்து, விவசாயம் பார்த்து, அந்தச் சொற்களை அகராதியாகவே தொகுத்தவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கதையை யார் பார்க்கிறார் என்பதையும் திருத்தும்போது சரிபார்க்க வேண்டும். வ.வே.சு. ஐயர் 1915-இல் வெளியிட்ட 'குளத்தங்கரை அரசமரம்' கதையைச் சொல்வது ஒரு மரம். நகர முடியாத அந்தச் சாட்சிக்கு முன்னால் நடப்பவை ஒரு விதம், அதன் காதுக்கு வந்து சேர்பவை வேறொரு விதம். உங்கள் கதைசொல்லியும் எங்கே நிற்கிறார், அங்கிருந்து எது தெரியும், எது தெரியாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் இருப்பவளின் பார்வையில் தொடங்கிவிட்டுத் திண்ணையில் இருப்பவரின் மனத்துக்குள் தாவும் வாக்கியம் எப்படியும் ஒன்றாவது அகப்படும்.

திடீர்த் திருப்பத்தில் முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எல்லாம் கனவு என்று முடிந்த கதை என் பெட்டியிலும் ஒன்று கிடக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

முதல் வரைவை முடித்தவுடன் திருத்த உட்காராதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு அச்செடுத்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கும், நாக்கு இடறும் இடத்தில் யாரும் பேசாத ஒரு பேச்சு இருக்கும், உங்களுக்கே சலிக்கும் இடத்தில் ஒரு பத்தி கூடுதலாக இருக்கும். அந்த இடங்களில் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இட்டுவிட்டு, நிறுத்தாமல் கடைசி வரை போங்கள். நடுவில் நின்று திருத்தினால் கதையின் வேகம் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஒற்றுப்பிழைகளைக் கடைசிச் சுற்றுக்கு விடுங்கள், ஏனென்றால் நாளை வெட்டப்போகும் பத்திக்கு இன்று வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்ப்பது வீண் வேலை.

இதழுக்கு அனுப்பும்போது, அந்த இதழின் முந்தைய பிரதிகள் சிலவற்றையாவது படித்த பின் அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்ப வேண்டாம். இந்தக் கதையின் பொருள் என்ன என்று விளக்கும் கடிதமும் வேண்டாம். பெயரும் முகவரியும் போதும். அனுப்பிய அன்றே அடுத்த கதையைத் தொடங்கிவிட்டால், பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்கள் அவ்வளவாக உறுத்தாது.