வீடிழந்தோருக்கான அமைப்புகள்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்சரிவிலோ தீ விபத்திலோ லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) இழந்து, தோட்டப் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் குடும்பங்களை இலங்கையின் மலையகத்தில் எவரும் ‘வீடற்றோர்’ என்று அழைப்பதில்லை. ‘பாதிக்கப்பட்டோர்’ என்ற சொல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அவர்களுக்காக இயங்கும் அமைப்புகளை யார் நடத்துகிறார்கள், அவை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்பதை அறியாமல் மனுவோடு அலைவதே நாம் செய்யும் முதல் தவறு.

பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகக் கிளை. நிவாரணமும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் அதன் வழியே செல்கின்றன. பிரதேச சபை நம் வாக்கால் அமைவது. ‘ட்ரஸ்ட்’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் நிர்வாகத்தில் அரசு, தோட்டக் கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உள்ளன. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையோ 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஓர் இடம் குடியிருக்க ஏற்றதா என்று ஆராய்ந்து பரிந்துரைக்குமே தவிர, அது வீடு தரும் அமைப்பன்று. ஒரே மனுவை ஐந்து பிரதி எடுத்து ஐந்து இடத்திலும் கொடுத்தால், ஒவ்வோர் இடமும் மற்றதைக் கைகாட்டுவதற்கு நாமே வசதி செய்து கொடுத்தவர்களாவோம்.

இரண்டாவது தவறு காணி பற்றியது. அதிகக் காலம் வீணாவதும் இதில்தான். தோட்ட முகாமையாளரான துரை வாய்மொழியாக ஓர் இடத்தைக் காட்டிவிட்டால் காணி கிடைத்துவிட்டதாகவே பலர் நம்பிவிடுகிறார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் பெரும்பாலான தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்குச் சென்றது நிர்வாகமே, உரிமையன்று. ஆகவே குத்தகைக்காரரான கம்பனியின் முகாமையாளர் அந்த நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கலாம், ஆனால் காணி உறுதிப் பத்திரம் எழுதித் தர அவரால் இயலாது. காணி முறைப்படி விடுவிக்கப்பட வேண்டும். ‘சொந்தக் காணி, தனி வீடு’ என்ற அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டும் முன், இந்தத் துண்டு நிலம் விடுவிக்கப்பட்டதற்கான கடிதம் எங்கே, உறுதி யாருடைய பெயரில் வரும், கணவன் மனைவி இருவருடைய பெயரும் அதில் இருக்குமா என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தபின், தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் புதிய வீடுகளுக்காகக் காத்திருந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்த ஓர் அனர்த்தத்துக்கே அவ்வளவு காலம் என்றால், பத்துக் காம்பரா (அறை) எரிந்த லயத்தின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

ஊரளவில் நாமே அமைக்கும் நிவாரணக் குழுக்களும் குற்றமற்றவையல்ல. தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவரே குழுவின் தலைவராகி, பயனாளிகளின் பட்டியலையும் அவரே எழுதும்போது, வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டும் குடும்பத்தின் பெயர் கீழே தள்ளப்படுவது வழக்கமான கதை. தோட்டத்தில் பெயர்ப் பதிவில்லாமல் வெளியே கூலிக்குப் போகிறவர், தனித்து வாழும் விதவை ஆகியோர் பட்டியலிலேயே இடம்பெறாமல் போவதுண்டு. இதற்கு மாற்றாக, தெரிவுக்கான அளவுகோலைப் பெயர்களை எழுதுவதற்கு முன்னரே தீர்மானித்து, பட்டியலை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலும் கோயிலிலும் ஒட்டி, ஆட்சேபத்துக்கு ஒரு வாரமாவது விட வேண்டும். தம் உறவினரின் பெயர் வரும்போது குழு உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். முகாமில் தங்கியிருப்பவர்களில் இருவரேனும், அவர்களுள் ஒருவர் பெண்ணாக, குழுவில் அமர்வதும் அவசியம்.

நான் செயலாளராக இருந்த ஒரு குழுவில், வெளிநாட்டிலிருந்து வந்த பணம் அவசரத்தின் பேரில் ஒரு நண்பரின் சொந்தக் கணக்கில் விழுந்தது. அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆயினும் கூட்டக் குறிப்பு எழுதாத எங்களால் அதை நிரூபிக்க முடியவில்லை. குழு கலைந்தது, பாதிக் கூரையோடு வேலையும் நின்றது. இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதுமானவையாக இருந்திருக்கும்.

‘தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்ய முடியாது’ என்ற பழைய பதிலை இன்னும் ஏற்றுக்கொள்வதும் தவறே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தந்த அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. சபை வீடு கட்டித் தராது போகலாம். தற்காலிகக் கொட்டில்களுக்கான பாதையையும் கிணற்றையும் பற்றிக் கேட்பதற்கு இடமுண்டு.

கேட்டும் பதில் வராதவர்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஏனோ கையில் எடுப்பதில்லை. காரணம் கூறாமலே, தமிழிலேயே, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அரச நிதியையோ, வெளிநாட்டு அரசின் அல்லது சர்வதேச அமைப்பின் நிதியையோ பெருமளவில் பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, இச்சட்டத்துக்கு உட்பட்டதே. ‘எங்களுக்கு ஏன் வீடு இல்லை’ என்று எழுதினால் அனுதாபம்தான் பதிலாக வரும். பயனாளிகள் பட்டியலின் பிரதி, தெரிவுக் கூட்டத்தின் குறிப்பு, காணி விடுவிப்புக் கடிதத்தின் திகதி என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு, விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.