வான்வழி காந்தத் தரவு: லெவலிங்குக்கு முன்னால் லேக்கைச் சரிசெய்யுங்கள்

விமானத்தில் காந்தமானியோடு இணைகோடுகளாகப் பறந்து எடுத்த அளவீடுகளைக் கிரிட் (சீரான கட்டங்களாலான வரைபடம்) போட்டதும், நேராக ஓட வேண்டிய டைக் (பாறைப் பிளவில் சுவர் போல உறைந்த தீப்பாறை) ஒன்று ரம்பப் பல் மாதிரி நெளிந்து நின்றது. லெவலிங் (கோட்டுக்குக் கோடு மாறும் மட்ட வித்தியாசத்தைச் சமன்செய்வது) கோளாறு என்று நினைத்து, மற்றக் கோடுகளை வெட்டிப் பறந்த குறுக்குக் கோடுகளோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பிழை இருந்தது லேக்கில், அதாவது அளவீடு தாமதமாகி வேறு இடத்தின் பெயரில் பதிவாவதில்.

விமான அசைவுக்கான காம்பென்சேஷன் (விமானத்தின் காந்தத் தாக்கத்தை நீக்கும் திருத்தம்) முடிந்த தரவு உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்பைக்குகளை (திடீரென்று எகிறும் தவறான மதிப்புகளை) நீக்குங்கள். நான்காம் வேறுபாட்டை (அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை நான்கு முறை எடுத்தது) வரைந்தால் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து நீக்குவதுதான் எனக்குப் பிடிக்கும். தானியங்கி வடிகட்டி, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிய பாறையால் வரும் உண்மையான அனாமலியையும் (சுற்றுப்புறத்திலிருந்து மாறுபடும் காந்த மதிப்பையும்) தின்றுவிடும்.

படி 2: லேக். காந்தமானி வால் நுனியில், ஜிபிஎஸ் ஆன்டெனா அதற்கு முன்னால். கருவியின் தாமதமும் சேரும்போது, ஓரிடத்தில் அளந்த மதிப்பு அதற்கு அப்பாலுள்ள இடத்தின் பெயரில் பதிவாகிறது. வினாடிக்கு 70 மீட்டர் வேகம், 10 அளவீடு என்றால் அளவீடுகளுக்கு இடையே 7 மீட்டர். லேக் 0.6 வினாடி என்றால் 42 மீட்டர் தள்ளிப்போகும். அடுத்த கோட்டில் விமானம் எதிர்த்திசையில் வருவதால் இரண்டுக்கும் நடுவே 84 மீட்டர் விலகல். ரம்பப் பல் இப்படித்தான் வருகிறது.

ஒரே கோட்டை இரு திசையிலும் பறந்த சோதனை இருந்தால் வேலை சுலபம்: உச்சிகளின் இடைவெளியைப் பாதியாக்கி வேகத்தால் வகுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கோட்டோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். டைக் சாய்வாக ஓடினால் அந்தச் சாய்வும் லேக் மாதிரியே தெரியும். நான் ஏமாந்தது இங்கேதான். நடுக்கோட்டின் உச்சியை இருபக்கக் கோடுகளின் உச்சிகளின் சராசரியோடு ஒப்பிட்டால் சாய்வு கழிந்துவிடும். பத்துப் பதினைந்து இடங்களில் பார்த்து நடுமதிப்பை எடுங்கள்.

நகர்த்துவதற்குப் பைத்தானில் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் நிரல் தொகுப்பு) போதும். மேலே சொன்ன கணக்குக்குக் காந்த மதிப்புகள் ஆறு வரிசை மேலே போக வேண்டும்.

படி 3: தரையில் ஓரிடத்தில் நிறுத்திய காந்தமானி பதிவுசெய்த, புவிக் காந்தத்தின் தினசரி மாறுபாட்டைக் கழியுங்கள். இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்: ஜிபிஎஸ் நேரம் யூடிசியைவிட (உலகப் பொது நேரத்தைவிட) 18 வினாடி முன்னால் ஓடுகிறது. காந்தப் புயல் நாள் என்றால் மறுபடி பறப்பதே வழி.

படி 4: பறந்த தேதிக்கும் உயரத்துக்கும் உரிய ஐஜிஆர்எஃப் (புவியின் முதன்மைக் காந்தப் புலத்தின் சர்வதேச மாதிரி) மதிப்பைக் கழித்துவிட்டு, அப்புறம் குறுக்குக் கோடுகளை வைத்து லெவலிங். மைக்ரோலெவலிங் (எஞ்சிய சிறு கோட்டுத் தடங்களை வடிகட்டுவது) கடைசியில், கொஞ்சமாக.

பின்சேர்க்கை: லேக்கை நகர்த்தியபின் கோட்டு முனைகளில் விசித்திரமான மதிப்புகள் வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். முழு நெடுவரிசையையும் ஒரே வீச்சில் நகர்த்தியிருக்கிறார். அடுத்த கோட்டின் தொடக்கம் இந்தக் கோட்டின் வாலில் ஒட்டிக்கொண்டது. கோட்டு எண்படி பிரித்து நகர்த்துங்கள், ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் காலியாகும் ஆறு வரிசைகளை நீக்கிவிடுங்கள்.