ஜோடி என்று நினைத்தது இரண்டும் ஆண்

இரண்டு வருஷமாக என் தேரைகள் முட்டையிடவே இல்லை. பெரியது பெண், சிறியது ஆண் என்று உருவத்தை வைத்தே முடிவு கட்டியிருந்தேன். அங்கேதான் தப்பு. சரியாகத் தீனி கிடைத்த ஆணும் நன்றாகப் பெருத்துவிடும்.

ஒருநாள் கையை ஈரமாக்கிக்கொண்டு, முன்னங்கால்களுக்குப் பின்னால் இரு விரலால் மெல்லப் பிடித்தேன். சிறியது ‘கிக் கிக்’ என்று கத்தியது, விலா துடித்தது. பெரியதும் அப்படியே கத்தியது! இன்னொரு ஆண் தழுவினால் ‘என்னை விடு’ என்று ஆண் எழுப்பும் குரல் அது. பெண் பெரும்பாலும் கத்தாது. விளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தால், இரண்டுக்குமே முன்னங்கால் பெருவிரலின் உட்புறம் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தது. பெண்ணை நழுவாமல் பிடிக்க, இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் தடிப்பு அது. குட்டித் தேரைகளிடம் இதைத் தேடிப் பயனில்லை, வளர்ந்த பிறகே தெரியும்.

கத்தாத, தடிப்பில்லாத ஒன்றைச் சேர்த்தேன். சில வாரம் வறட்சியாக வைத்துவிட்டு, ஆழமில்லாத தொட்டியில் குளோரின் நீக்கிய தண்ணீரை இரவெல்லாம் மழைபோலத் தூவவிட்டேன். மூன்றாம் நாள் காலை, செடித் தண்டுகளைச் சுற்றிக் கண்ணாடி நூலில் கறுப்பு மணி கோத்ததுபோல முட்டைச் சரம். கை நடுங்கிவிட்டது. வளர்ந்த தேரைகளை உடனே வேறு தொட்டிக்கு மாற்றினேன்.