கண்ணகி நகருக்கு உதவப் போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தென்சென்னையின் ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) துரைப்பாக்கத்திலிருந்து உள்ளே திரும்பினால் கண்ணகி நகர். மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்கள், உள்ளே வரிசை வரிசையாகக் குடிசை மாற்று வாரியம் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) கட்டிய பிளாக்குகள். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசு இங்கே கொண்டுவந்து குடிவைத்தது. பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000 வீடுகளுக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் கட்டிய வீடுகளில் பல 200 சதுர அடிகூட இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து கிளப்பப்பட்ட பல குடும்பங்கள் இன்னும் தெற்கே, பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள்.

இந்தக் கதை தெரியாமல் வேலையைத் தொடங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு. "ஏரியா பசங்களைத் திருத்தணும்" என்று கிளம்பி வரும் குழுக்களை நிறையப் பார்க்கலாம். இங்கே பையன் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும், சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பதற்கும் அவன் குணம் காரணம் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் பெரிய காரணம் தூரம். நகர நடுவில் கூவம் கரையோரச் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தபோது அம்மா நடந்தே வீட்டு வேலைக்குப் போய், மதியம் ஒரு எட்டு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பினார். பெரும்பாக்கத்துக்கு வந்த பிறகு அதே வேலைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகிறார். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. கல்வியாண்டு நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் பரீட்சையைத் தவறவிட்ட பிள்ளைகளும் உண்டு. இதை "வளர்ப்பு சரியில்லை" என்று படிக்கும் எந்தத் திட்டமும் கோணலாகத்தான் போகும்.

சரி, அடுத்து பெயிண்ட். 2020-இல் தெரு ஓவிய அமைப்பான ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷனும் ஏஷியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து கண்ணகி நகர் பிளாக்குகளின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைய வைத்தார்கள். நல்ல ஓவியங்கள். குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்ட ஊரின் பெயர் வேறு காரணத்துக்காகப் பத்திரிகையில் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தவறு, அதைப் பார்த்துக் காப்பி அடிப்பவர்களிடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அறுபது வாலண்டியர்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் வந்து, படிக்கட்டுச் சுவருக்கு மஞ்சள் அடித்து, படம் எடுத்துவிட்டுப் போவார்கள். அதே சுவருக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அடுத்த மழைக்கு மஞ்சள் உரிந்துவிடும். முதலில் குழாயை மாற்ற வேண்டும் என்று அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் எந்த அக்காவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். அதற்கு வாரியத்துக்கு மனு எழுதி, விடாமல் அலைய வேண்டும். அந்த அலைச்சல் போட்டோவில் வராது.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு நாற்பது கேள்விகளோடு சர்வே எடுக்கப் போனால் வீட்டில் இருப்பவர்கள் பாட்டியும் கைக்குழந்தையும்தான். வேலைக்குப் போகும் பெண்களைப் பார்க்க வேண்டுமென்றால் இரவு எட்டு மணிக்கு மேல் போக வேண்டும், இல்லை ஞாயிற்றுக்கிழமை. அதைவிட மோசம், எடுத்த சர்வேயின் முடிவைத் திரும்பி வந்து சொல்லாமல் இருப்பது. கல்லூரி மாணவர்கள், ஆராய்ச்சியாளர்கள், நிறுவனங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஆதார் எண்ணும் வருமானமும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். "போன தடவை எழுதிக்கிட்டுப் போனீங்களே, அது என்னாச்சு?" என்று ஒருவர் கேட்டால் பதில் கையில் இருக்க வேண்டும்.

இதில் அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல பாடம் உண்டு. பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதியில் 1980-களின் நடுவில் காலி மனைகளும் குப்பையும் மண்டிக் கிடந்தன. உதவ வந்த அறக்கட்டளையும் சேவை நிறுவனங்களும் ஒரு நிர்வாகக் குழுவைத் திட்டமிட்டு மக்கள் முன் வைத்தபோது, மக்கள் கொதித்துப் போனார்கள். குழுவில் அந்தப் பகுதிக்காரர்கள் சிலர்தான் இருந்தார்கள். திட்டத்தை மாற்றி, பெரும்பான்மை இடங்கள் குடியிருப்பவர்களுக்கு என்று ஆக்கினார்கள். அப்படி உருவான அமைப்புதான் 1988-இல் தன் பகுதியின் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகத்திடமிருந்து வாங்கியது. பின்னாளில் நிர்வாகக் குழுவில் இளைஞர்களுக்கும் இடம் ஒதுக்கியது. நம் ஊரில் ஏரியா இளைஞர்களுக்கு "யூத் லீடர்" என்று பேட்ஜ் குத்துவார்கள், நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள். பட்ஜெட் தாளைப் பார்க்கும் உரிமை இல்லாத தலைமை என்ன தலைமை?

திறன் பயிற்சி என்பது இன்னொரு பெரிய குழி. மூன்று மாதத் தையல், கம்ப்யூட்டர், பியூட்டிஷியன், ஏ.சி. மெக்கானிக் என்று பேட்ச் பேட்சாக நடக்கும். நன்கொடை கொடுத்தவருக்குப் போகும் அறிக்கையில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண் இருக்கும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள் என்ற எண் பெரும்பாலும் இருக்காது. பயிற்சி முடித்த பையன் இன்டர்வியூவில் முகவரியைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சொந்தக்காரர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பையனுக்கு ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்களிடம் போய் உட்கார்ந்து பேசி, முதல் மூன்று மாதம் ஏதாவது சிக்கல் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று பொறுப்பேற்பது. அப்புறம், முதல் சம்பளம் வரும்வரை பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வான் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். டெலிவரி வேலையில் அன்றன்றைக்குக் கையில் காசு பார்த்தவன், மாதக் கடைசிவரை காத்திருக்கச் சொன்னால் இரண்டாம் வாரமே நின்றுவிடுவான். அவனைச் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள்.

ஏற்கெனவே அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் புதிதாகத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு நாலைந்து பிளாக்குக்கும் டியூஷன் எடுக்கும் ஓர் அக்கா இருப்பார். பிளஸ் டூவோ டிகிரியோ முடித்தவர். கட்டிலைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார், வாசலில் செருப்புகள் படிக்கட்டு வரை வழியும். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் எதிர் பிளாக்கில் இலவச வகுப்பு தொடங்கி, பிஸ்கட்டும் கொடுத்தால் அந்த அக்காவின் வகுப்பு காலி. நிறுவனம் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடும், அப்போது இரண்டுமே இருக்காது. அதற்குப் பதிலாக அந்த அக்காவுக்கே சம்பளம், ஒரு பெரிய அறை, புத்தகங்கள் என்று கொடுத்துப் பாருங்கள். வாலண்டியருக்குக் கொடுப்பதுபோலப் போக்குவரத்துப்படி கொடுத்து முடித்துவிடக் கூடாது, முறையான சம்பளம்.

விளையாட்டிலும் இதேதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவர் உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் பழகி வளர்ந்தவர். வடசென்னையில் வியாசர்பாடிக்கு "குட்டி பிரேசில்" என்று பெயர் வந்ததும் அந்தப் பகுதிக்காரர்களே பசங்களைக் கூட்டிக் கால்பந்து சொல்லிக் கொடுத்ததால்தான். புது அகாடமி திறப்பதற்கு முன், இருக்கும் கோச்சுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஷூ, முட்டை, மைதானத்துக்கு விளக்கு, பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் வயதுக்கு வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரே வார்த்தை: அழுக்குச் சட்டையோடு நிற்கும் குழந்தையின் முகத்தை நன்கொடை கேட்கும் போஸ்டரில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஓ.எம்.ஆரில் வேலை கேட்கப் போகிறது. வாலண்டியர்களைப் பிள்ளைகளோடு தனியாக விடாமல் இருப்பதும், புகார் வந்தால் "நிறுவனத்தின் பெயர் கெடும்" என்று மூடி மறைக்காமல் இருப்பதும் கட்டாயம். பிள்ளைகள் மீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருந்தால் 2012 போக்சோ சட்டப்படி அதுவே தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அரசுத் திட்டங்களுக்குப் போட்டியாகத் தனிக்கடை திறப்பதும் வீண் செலவு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கிடைக்காமல் போனால் விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் இடிக்கும். ஆதாரில் பழைய கூவக்கரை முகவரி, ஆதாரோடு இணைக்காத வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழில் எழுத்துப்பிழை. வீடு மாறியதோடு தாலுகா ஆபீஸும் மாறிவிட்டதால் எங்கே போய்க் கேட்பது என்றே தெரியாத அப்பாக்கள் உண்டு. வாரத்தில் இரண்டு சாயங்காலம் இ-சேவை வேலைகளைச் செய்துகொடுக்க ஓர் ஆளை உட்கார வைத்தால், அந்த மேசைதான் உங்கள் நிறுவனத்திலேயே அதிகம் பயன்படும் பொருளாக இருக்கும்.

கடைசியாகப் பணம். கம்பெனிகள் சட்டம் 2013 வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதனால் பணம் வந்தது, கூடவே மார்ச் 31 என்ற கெடுவும் வந்தது. பிப்ரவரியில் அவசர அவசரமாக ஸ்மார்ட் போர்டு மாட்டுவதும் தையல் மிஷின் கொடுப்பதும் இதனால்தான். ஆனால் அதே சட்டத்தின் விதிகளில், தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு மூன்று நிதியாண்டு வரை ஓடும் தொடர் திட்டத்துக்கும் இடம் இருக்கிறது. பல தொண்டு நிறுவனங்கள் அதைக் கேட்பதே இல்லை, எங்கே கொடுப்பவர் பின்வாங்கிவிடுவாரோ என்ற பயம். கேளுங்கள். கேட்கும்போது பொருள்களுக்கான தொகையைக் குறைத்து, டியூஷன் அக்கா, கோச், இ-சேவை மேசைக்காரர் மூவரின் சம்பளத்தை முதல் வரியில் போடுங்கள். திட்டக் காலம் முடிந்த பிறகு அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பிரபோசலிலேயே ஒரு பத்தி எழுதி, அதை அந்த மூன்று பேரிடமும் காட்டிவிட்டு அனுப்புங்கள்.