கீழ்ப்பிரிவுக் காற்பந்துக் குழுவை உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஃபுட்பால் மேனேஜர்' கணினி விளையாட்டில் ஆர்சனலையும் லிவர்பூலையும் நிர்வகித்துச் சலித்தவர்கள் ஒரு கட்டத்தில் இங்கிலாந்தின் ஐந்தாம், ஆறாம் பிரிவுகளுக்கு இறங்கி வருகிறார்கள். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு சிறு குழுவை எடுத்துப் படிப்படியாக மேலே கொண்டுசெல்வதில் கிடைக்கும் நிறைவு பெரிய குழுக்களில் கிடைப்பதில்லை. இங்கே சிங்கப்பூரில் இந்த ஜூன் பள்ளி விடுமுறையில் என் அக்கா மகனும் அவன் நண்பர்களும், வார இறுதிகளில் தேசியச் சேவை முகாமிலிருந்து வீடு திரும்பும் அவன் அண்ணனும் ஆளுக்கொரு கீழ்ப்பிரிவுக் குழுவை எடுத்து ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இதை நீண்ட காலமாக ஆடுபவர்கள் எல்லாரும் தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள்.

களைத்துப்போனவரை மீண்டும் களமிறக்குவது, கோல்காப்பாளருக்கு மாற்றாள் இல்லாமல் பருவத்தைத் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை உதவி நிர்வாகியே திரையில் எச்சரித்துவிடுவார். யாரும் எச்சரிக்காமல் விடுகிறவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுப்பது

ரெக்ஸம் குழுவின் கதை அனைவருக்கும் தெரியும். 2008ல் மேல் நான்கு பிரிவுகளைக் கொண்ட லீக்கிலிருந்து கீழே விழுந்த அந்த வேல்ஸ் குழு, 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக ஒவ்வொரு பிரிவு மேலேறியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பழம்பெருமை உள்ள, அழகான சின்னம் உள்ள ஒரு குழுவைத் தேடுகிறார்கள். ரெக்ஸமுக்குப் பின்னால் பணம் படைத்த உரிமையாளர்கள் இருந்தார்கள் என்பதும், அதற்கு முன்பு அந்தக் குழு 15 ஆண்டுகள் ஐந்தாம் பிரிவிலேயே கிடந்தது என்பதும் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

ஏணி எவ்வளவு உயரம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறாம் பிரிவான நேஷனல் லீக் சவுத்திலிருந்து பிரிமியர் லீக்கிற்குச் செல்ல ஐந்து முறை மேலேற வேண்டும். அவற்றுள் மிகக் குறுகலான வாசல்களில் ஒன்று ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. 2022-23 பருவத்தில் ரெக்ஸம் 111 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று நேரடியாக மேலேறியது. 107 புள்ளிகள் எடுத்த நாட்ஸ் கவுண்டி, மிச்சமிருந்த ஒரே இடத்துக்காகத் தகுதிச் சுற்றில் ஆட வேண்டியிருந்தது. இறுதி ஆட்டத்தில் பெனால்டிகளில்தான் தப்பியது. இப்படிப்பட்ட பிரிவில் இரண்டு மூன்று பருவங்கள் தங்க நேரலாம் என்ற கணக்குடன் குழுவைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ஆகவே சின்னத்தைப் பார்ப்பதற்கு முன் நிதிப் பக்கத்தையும் ஒப்பந்தப் பட்டியலையும் திறந்து பாருங்கள். குழு முழுநேரத் தொழில்முறைக் குழுவா, ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடும் பகுதிநேரக் குழுவா என்பது முதல் கேள்வி. பகுதிநேரக் குழுவின் பயிற்சி நேரம் குறைவு. உடல்திறன் மெதுவாகவே ஏறும். தொண்ணூறு நிமிடமும் எதிரணியைத் துரத்தும் ஆட்ட முறையை அவர்கள் தாங்கமாட்டார்கள். வாராந்தரச் சம்பள வரம்பு எவ்வளவு, அதில் இப்போதே எவ்வளவு செலவாகிறது என்பது இரண்டாவது கேள்வி. வரும் ஜூன் 30ஆம் தேதி எத்தனை பேருடைய ஒப்பந்தம் முடிகிறது என்பது மூன்றாவது. பாதிப் பேருடைய ஒப்பந்தம் முடியும் நிலையில் உள்ள குழுவைக் கண்டால் புதியவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். எனக்கோ அதுதான் மிகச் சிறந்த தொடக்கம், ஏனென்றால் முந்தைய நிர்வாகியின் தவறுகளுக்கு நீங்கள் ஓராண்டு மட்டுமே பணம் கட்டினால் போதும்.

நட்சத்திரக் குறிகளை நம்பி ஆளெடுப்பது

ஆட்டக்காரரின் பெயருக்கருகே தெரியும் நட்சத்திரங்கள் உங்கள் குழுவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படுபவை. மோசமான குழுவில் நான்கு நட்சத்திரம் வாங்குபவர் நல்ல குழுவில் இரண்டுக்கும் தேறமாட்டார். மேலும், அந்த நட்சத்திரங்கள் உங்கள் ஊழியர் ஒருவருடைய கருத்து மட்டுமே. ஆட்டக்காரரின் திறனை எடைபோடும் ஆற்றல் அவருக்கே குறைவாக இருந்தால் கருத்தும் பிழையாகவே இருக்கும். எனவே முதல் வாரத்திலேயே அந்த ஆற்றல் மிகுந்த உதவி நிர்வாகி ஒருவரை எடுத்துவிடுங்கள். கீழ்ப்பிரிவில் ஒரு நல்ல முன்கள ஆட்டக்காரரைவிட அவருக்குச் செலவு குறைவு.

அதுவரை ஒவ்வொரு திறனுக்கும் தரப்படும் 1 முதல் 20 வரையிலான எண்களை நீங்களே படியுங்கள். இந்தப் பிரிவுகளில் வேகம், முடுக்கம், தாவும் உயரம், உழைப்பு, மன உறுதி ஆகியவைதான் ஆட்டங்களை வென்று தருகின்றன. பந்தைக் கையாளும் நுட்பம் 14 இருந்து வேகம் 6 இருப்பவரைக் காட்டிலும், வேகம் 14 இருந்து நுட்பம் 7 இருப்பவர் சனிக்கிழமைதோறும் பயன்படுவார்.

ஒப்பந்தத்தின் சிறு விதிகளைப் படிக்காமல் கையெழுத்திடுவது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய தவறு இதுதான். இத்தனை ஆண்டுகள் பார்த்த பிறகும் இதைக் காணும்போது எழும் எரிச்சல் எனக்குக் குறையவில்லை, ஏனென்றால் ஒரு குழுவை மூன்று பருவங்களுக்கு முடக்கிப்போடக்கூடிய அனைத்தும் கையெழுத்திடும் திரையிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவனுடைய ஆறாம் பிரிவுக் குழுவின் சம்பள வரம்பு வாரத்துக்கு 9,000 பவுண்டு. ஒருகாலத்தில் இரண்டாம் பிரிவில் ஆடிய 32 வயது முன்கள ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தமின்றி இருந்தார். மாற்றுக் கட்டணம் இல்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில், "மாமா, இவர் இலவசமாக வருகிறார்" என்று அவன் மகிழ்ந்துபோனான். வாரம் 1,400 பவுண்டுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டான். ஆனால் அவன் ஏற்கெனவே எடுத்திருந்த இரண்டு நடுக்கள ஆட்டக்காரர்களுடைய ஒப்பந்தத்தில் 'மேட்ச் ஹையஸ்ட் எர்னர்' என்ற விதி இருந்தது. குழுவில் யாருக்கு மிக அதிகச் சம்பளமோ அதே சம்பளம் தங்களுக்கும் வர வேண்டும் என்பது அதன் பொருள். தலா 700 வாங்கிக்கொண்டிருந்த அவர்கள் இருவரும் 1,400க்கு உயர்ந்தார்கள். இலவசமாக வந்தவருக்கு அந்தக் குழு கொடுத்த உண்மையான விலை வாரம் 2,800 பவுண்டு.

அந்தப் பருவத்தில் அவன் மேலேறினான். முன்கள ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில், மேலேறினால் சம்பளம் 25 விழுக்காடு உயரும் என்ற விதியும் இருந்தது. அவர் 1,750 ஆனார். மற்ற இருவரும் உடனே 1,750 ஆனார்கள். முன்பு நடுக்கள ஆட்டக்காரர்கள் இருவருக்கும் சேர்த்து 1,400 செலவான இடத்தில் இப்போது மூவருக்கு 5,250. இயக்குநர் குழு சம்பள வரம்பை 11,000ஆக உயர்த்திய பிறகும், ஏறக்குறைய பாதி மூன்று பேரிடமே போய்விட்டது. ஐந்தாம் பிரிவுக்கு ஈடுகொடுக்கக்கூடிய தற்காப்பு ஆட்டக்காரர்களை வாங்க மிச்சம் எதுவும் இல்லை. 33 வயதாகிவிட்டவரின் வேகம் கண்ணெதிரே குறைந்தது. அவரை விடுவித்துவிடலாம் என்று பார்த்தால், மீதமிருந்த 104 வாரங்களுக்கு 182,000 பவுண்டு பாக்கி. குழு அடுத்த பருவத்திலேயே மீண்டும் ஆறாம் பிரிவுக்கு இறங்கியது. தரமிறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி எவருடைய ஒப்பந்தத்திலும் இல்லாததால், ஆறாம் பிரிவு வருமானத்தில் ஐந்தாம் பிரிவுச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே கார் வாங்கும் எவரும் வண்டியின் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதில்லை. வாகன உரிமைச் சான்றிதழ், சாலை வரி, காப்புறுதி அனைத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுகிறார்கள். அதே கவனம் இந்தத் திரையிலும் வேண்டும்.

நம் இளையர்கள் தரமிறக்க விதியை மறப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 1996ல் எஸ்-லீக்காகத் தொடங்கி 2018 முதல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று அழைக்கப்படும் நம் லீக்கில், கடைசி இடம் பிடித்த குழு அடுத்த ஆண்டும் அங்கேயே ஆடும். கீழே விழுந்தால் வருமானமும் சேர்ந்து விழும் என்ற அச்சத்தை இங்கே யாரும் மைதானத்தில் பார்த்து வளர்வதில்லை. இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளில் அந்த அச்சமே ஒவ்வொரு முடிவையும் நடத்துகிறது. மேலேறுவதாலும் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. பரி குழு 2018-19 பருவத்தில் நான்காம் பிரிவில் இரண்டாமிடம் பிடித்து மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளப் பாக்கி. நிதி நிலைமைக்கு உத்தரவாதம் காட்ட முடியவில்லை. 2019 ஆகஸ்டில் அந்தக் குழு லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அந்த ஊர் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் படித்தவர்கள் சம்பளப் பட்டியலை அலட்சியமாகப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கும் சில வரம்புகளைச் சொல்கிறேன். எந்த ஒருவருக்கும் சம்பள வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தராதீர்கள். அதிகச் சம்பளத்துக்கு ஈடுசெய்யும் விதியை எந்த ஒப்பந்தத்திலும் ஏற்காதீர்கள். முகவர் அதை வற்புறுத்தினால் அறையைவிட்டு வெளியேறிவிடுங்கள், அதே தரத்தில் இன்னொருவர் நிச்சயம் கிடைப்பார். தரமிறக்கச் சம்பளக் குறைப்பை நீங்களே சேர்த்து, பேரத்தில் அது நழுவாதபடி பூட்டுக் குறியை அழுத்திவிடுங்கள். முப்பது வயதைத் தாண்டியவருக்கு ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் வேண்டாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடினால் ஒப்பந்தம் தானாக ஓராண்டு நீளும் என்ற விதி அதில் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அவர் அந்த எண்ணிக்கையை எட்டப்போவது பெரும்பாலும் நீங்கள் அவரை விட்டுவிட நினைக்கும் மாதத்தில்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆடும்போது மட்டும் கிடைக்கும் தொகையாகவோ கோல் ஊக்கத்தொகையாகவோ கொடுங்கள். காயத்தில் படுத்திருக்கும் ஆட்டக்காரர் அதைக் கேட்கமாட்டார்.

இரவல் ஆட்டக்காரர்களை வைத்தே குழுவை நிரப்புவது

பெரிய குழுக்களின் இளம் ஆட்டக்காரர்கள் சம்பளமே இல்லாமல் இரவலாகக் கிடைக்கும்போது மறுப்பது கடினம். ஒரு ஆட்டத்துக்கான பட்டியலில் எத்தனை இரவல் ஆட்டக்காரர்கள் இடம்பெறலாம் என்பதற்கு ஒவ்வொரு பிரிவிலும் வரம்பு உண்டு; தேசிய சேவையாளரான என் அக்காவின் மூத்த மகன் எட்டுப் பேரை எடுத்த பிறகே விதிப் பக்கத்தைத் திறந்தான். ஜனவரியில் தாய்க்குழு திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை இருந்தால் பருவத்தின் நடுவில் முதுகெலும்பே போய்விடும். இரண்டு மூன்று பேர் போதும். அவர்களும் உங்களுக்கு வாங்கவே முடியாத இடங்களுக்காக, குறிப்பாகக் கோல்காப்பாளருக்கும் வேகமான பக்கவாட்டு ஆட்டக்காரருக்குமாக இருக்கட்டும்.

தோற்ற ஒவ்வொரு முறையும் ஆட்ட முறையை மாற்றுவது

மாற்றாதீர்கள்.

சிறந்தவரை விற்க மறுப்பது

விலை வந்தால் விற்றுவிடுங்கள். அடுத்த விற்பனையில் உங்களுக்கும் ஒரு பங்கு வரும்படி விதி சேர்த்து விற்றுவிடுங்கள்.

ஒப்பந்தப் புதுப்பிப்பைக் கடைசி ஆட்டம்வரை தள்ளிப்போடுவது

மேலேறிய பிறகு யாரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கலாம் எனக் காத்திருப்பவர்கள் அதிகப் பணம் கொடுக்கிறார்கள், ஏனெனில் குழுவின் மதிப்பு உயர்ந்ததும் முகவர்கள் கேட்கும் தொகையும் உயர்ந்துவிடும். பிப்ரவரியிலேயே பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: அடுத்த பிரிவிலும் முதல் பதினொருவரில் இடம்பெறக்கூடியவர்கள், மாற்றாட்டக்காரர்களாக ஆகக்கூடியவர்கள், இந்தப் பிரிவோடு முடிந்துவிட்டவர்கள். முதல் வகையினருக்கு உடனே கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் வகையினருக்கு ஓராண்டு மட்டும். மூன்றாம் வகையில் இருப்பவர் பருவத்தின் அதிக கோல் அடித்தவராகவே இருந்தாலும் ஜூன் 30ஆம் தேதி நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

விட்டுவிடப் போகிறவர் 24 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் மட்டும் ஒரு படி கூடுதலாக யோசியுங்கள். இங்கிலாந்தின் விதிப்படி, அந்த வயதுக்குட்பட்டவருக்குப் பழைய குழு தகுந்த புதிய ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்திருந்தால், அவரை எடுத்துக்கொள்ளும் குழு இழப்பீடு கொடுக்க வேண்டும். அதே விதி உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும்: ஜூலையில் இலவசம் என்று நினைத்து ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, அவர் பெயருக்குக் கீழே இழப்பீட்டுத் தொகை ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.