பெட்ரோல் விலை ஏறும்போது மோட்டார் ஹோம் பயணம்

அமெரிக்காவில் ஓடும் நடுத்தர மோட்டார் ஹோம் (தங்கும் அறையோடு கூடிய பெரிய வண்டி) கேலனுக்குச் சுமார் 10 மைல்தான் தரும். 1,500 மைல் போய்வர 150 கேலன். விலை ஒரு டாலர் ஏறினால் செலவு 150 டாலர் கூடும். இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு, ஐந்து ஊர் சுற்றும் திட்டத்தை இரண்டாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் அதிக நாள் தங்குங்கள். வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்கள் பலவற்றில் வார வாடகை மலிவு.

பணம் அதிகம் கரைவது வேகத்தில். வண்டியின் முகப்பு சுவர்போல அகலம். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 75 மைலில் பறக்காமல் 60-இல் ஓட்டுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை வழிக்குத் தேவையான அளவு மட்டும் நிரப்புங்கள்; 40 கேலன் என்றால் 330 பவுண்டு சுமை. டயர் காற்றைக் கிளம்பும் முன்பே பாருங்கள். ஓடிச் சூடானபின் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

பெட்ரோல் வண்டிகளில் ஜெனரேட்டரும் பெரும்பாலும் அதே டேங்கிலிருந்துதான் எடுக்கும். கால் டேங்க் அளவில் அது நின்றுபோனால் பழுதென்று நினைக்காதீர்கள், வண்டி ஓட மிச்சம் வைக்கும் ஏற்பாடு அது.